பாய்க்கு வைத்த பொட்டு

மூட்டைப்பூச்சிக்கு மண்ணெண்ணெயைப் போல மருந்து வேறு கிடையாது. கட்டில் சட்டங்கள் கூடுகிற நான்கு மூலையிலும் ஒரு கோழியிறகால் தொட்டு விட்டால் பதினைந்து நாளைக்குத் தலை காட்டாது. வாரத்துக்கு இரண்டு முறை விட வேண்டிய அவசியமே இல்லை. நான் விட்டேன். கனம் நீதிபதி அவர்களுக்கு அங்கிருந்து சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன்.

கேட்டவுடன் காகிதமும் மசியும் கொடுத்தார்கள். வந்தனம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட போலீஸ்காரர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார், அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் சிவப்பிரகாசம். வயது நாற்பத்தொன்று. பாகூர் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஏரிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் தெருவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் யாருக்குக் கடுதாசி எழுத வேண்டுமானாலும், சர்க்காருக்கு மனு போட வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். சைகோன் பட்டாளத்தில் சொல்தாவாக இருக்கும் பிள்ளைகளுக்குத் தாய்மார் சொல்லும் சேதிகள் எல்லாம் என் கை வழியாகத்தான் கப்பல் ஏறும். எதையும் வெளியே சொன்னவன் இல்லை என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. எந்த வீட்டில் என்ன என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது.

நான் இருந்த வீடு மிராசுதார் சுப்பராயலு அவர்களுடையது. வாடகை கிடையாது. அவருடைய கடிதப் போக்குவரத்தை நான் பார்த்துக்கொள்வேன், வீட்டில் இருந்துகொள்ளலாம். பன்னிரண்டு வருஷம் அப்படியே நடந்தது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் மனைவி அம்சவள்ளிக்கு மூன்று முறை கரு தங்காமல் போயிற்று. நான்காவது தங்கியது. சென்ற ஆடியில் அவளுக்கு ஐந்தாம் மாதம்.

அந்த ஆடியில்தான் சுப்பராயலு பட்டப்பகலில், ஒற்றை மாட்டு வண்டியில், ஒரு கோரைப்பாய்ச் சுருளோடு வந்தார். ஓட்டுக் கலாட்டாவில் இரண்டு கட்சிக்காரர்களும் மண்டையை உடைத்துக்கொண்டு, போலீசார் பெரிய வீடுகளில் புகுந்து ஆயுதம் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. சுருளுக்குள் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும் மூன்று தோட்டாவும் இருந்தன.

"எழுத்துக்காரரே, கலாட்டா அடங்கற வரைக்கும் இது ஒங்க வூட்ல இருக்கட்டும். ஒங்க வூட்ல எவன் வந்து தேடப் போறான்? பேனாவையும் மசிக்கூட்டையும் தவுர இன்னா இருக்குது?" என்றார். வண்டியில் ஏறிய பிறகு திரும்பினார். "ஏரிக்காத்து. துரு புடிச்சுதுன்னா அப்புறம் நீங்க வேற வூடு பாத்துக்குங்க."

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி ஒரு துப்பாக்கியே தனக்குத் தெரியாது என்று அவர் தங்களிடம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். என் நிலையைத்தான் நான் சொல்ல வேண்டும். வைத்திருந்தது அகப்பட்டால் சிறை. ஏரியில் போட்டால் வீடு போகும். வயிற்றில் ஐந்து மாதத்தோடு அவளை எந்த மரத்தடியில் உட்கார வைப்பேன்? ஆகவே துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதைச் செய்தேன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. அங்கே இந்த வழக்கில் சொல்லப்படும் காசம்மாள் தனியாக இருந்தாள். அறுத்துக் கட்டாத, மறுதாலி ஏறாத கைம்பெண், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏரிக்கடியில் அரைக்காணி நிலம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் இருந்து "நூறு வயசு தம்பி" என்பாள். காது அப்படி.

எனவே எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன். தெருவார் வயலுக்குப் போயிருக்கும் மத்தியான வேளை. செவ்வாயும் வெள்ளியும். பின்கதவைச் சாத்திவிட்டுப் பரணிலிருந்து சுருளை இறக்குவேன். மூங்கில் குச்சியில் பழந்துணியைச் சுற்றி, முதலில் மண்ணெண்ணெய், பிறகு காய்ந்த துணி, கடைசியில் விளக்கெண்ணெய் கொஞ்சம். மண்ணெண்ணெய் வாடைக்குத்தான் மூட்டைப்பூச்சி. அன்றன்று கட்டிலை முற்றத்தில் நிறுத்தி, நாலு பேர் பார்க்க இறகால் தடவுவேன். கரித்துணியை வாழைக்கு அடியில் புதைத்தேன். வாடைக்கும் கறைக்கும் வழி கிடைத்தது. சத்தத்துக்குத்தான் கிடைக்கவில்லை. குச்சி குழலுக்குள் போய் வரும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். குழலை மடக்கிப் பூட்டினால் கடக்கென்று ஒன்று.

அதற்குக் கடவுளே வழி விட்டார் என்றுதான் நினைத்தேன். முதல் வாரம் குச்சி கைநழுவிக் கீழே விழுந்தது, அம்சவள்ளி அடுப்பங்கரையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் நான் பின்கதவைச் சாத்திக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் காசம்மாள் வீட்டுக் கொல்லையில் உலக்கைச் சத்தம் எழுந்தது. ணங் ணங் என்று அரைமணி நேரம். என் வேலை முடியவும் அது ஓயவும் சரியாக இருந்தது. அடுத்த வெள்ளியும் அப்படியே. அவள் நெல் குத்தும் நாளும் என் நாளும் ஒத்துப்போய்விட்டன என்று நிம்மதியடைந்தேன். போகப்போக என் கையும் பழகிவிட்டது. சத்தமே இல்லாமல் துடைக்கக் கற்றுக்கொண்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம்கூட வந்தது.

அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. ஒரு நாள் கட்டிலை முற்றத்தில் நிறுத்தியிருந்தபோது வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"இன்னா தம்பி, மனுசங்களுக்கே சனிக்கெழமை ஒருவாட்டிதான் எண்ணெக் குளியல். ஒங்க வூட்டு மூட்டைப்பூச்சிக்கு வாரத்துல ரெண்டு தபாவா? குடுத்து வெச்ச பூச்சிங்க."

நான் சிரித்தேன். நான்கு மூலைக்கும் இன்னொரு முறை இறகால் தடவினேன்.

இப்படி ஆடி, ஆவணி போய்ப் புரட்டாசி பாதி ஆயிற்று. கலாட்டா அடங்கியது என்று எல்லோரும் சொன்னார்கள், சுப்பராயலு மட்டும் சொல்லவில்லை. மழை தொடங்கியதும் சுவரெல்லாம் ஓதம். ஒரு முறை துடைக்காமல் விட்டால் மறுநாளே இரும்பில் செம்புள்ளி வைத்தது. எனக்கு உறக்கம் குறைந்தது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுதுகிற எழுத்து கோணிப்போகும். எழுத்து கோணினால் பிழைப்பு என்ன ஆகும்?

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வழக்கப்படி பேனா, மசிக்கூடு, அரிவாள்மணை, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டோம். தீபாராதனை ஆனதும் காசம்மாள் பொரிகடலை வாங்க வந்தாள். வாங்கி மடியில் கட்டியவள் அண்ணாந்து பரணைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பாய்ச்சுருளின் நுனியில் சந்தனம் வைத்து, அதன் நடுவே குங்குமப் பொட்டு.

ஏழாம் மாத வயிற்றோடு அம்சவள்ளி ஏணியில் ஏறியிருக்கிறாள். பிறகு கேட்டதற்கு, "அதுவும் ஆயுதந்தான? அத மட்டும் வுட்டா அம்மா கோச்சுக்கமாட்டாளா? வயித்துல புள்ளய வெச்சிக்கினு எனக்குப் பயமா இருந்திச்சு" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கருவியை விட்டுவிட்டுப் பூஜை செய்யக் கூடாது என்று பிறந்த வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

காசம்மாள் என்ன சொன்னாள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். "இன்னாடி அம்சா, பாய்க்குமா பொட்டு? படுத்துத் தூங்கறதுதான் ஒன் வூட்டுக்காரருக்குத் தொழிலா?"

அம்சவள்ளி சிரித்தாள். பயந்தவள் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. அப்போது நான் அதைக் கவனித்தேன், ஆனால் எழுதி வைக்கவில்லை. மற்றதைத்தான் மனத்தில் எழுதிக்கொண்டேன்: காசம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு நாலாம் நாள் வேலியோரம் நின்று சொன்னாள். "தீவாளி கழிச்சு பாகூரு போவணும் தம்பி. அந்தப் போலீசு ஐயாவக் கண்டு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துட்டா நிம்மதி."

"என்ன வார்த்தை?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் அவருக்கும்" என்று சிரித்தாள். "ஒங்களுக்கு மட்டுந்தான் ரகசியம் தெரியுமா?"

நான் அவசரப்பட்டவன் இல்லை. பதினாறு நாள் யோசித்தேன். அவளிடம் போய்க் காலில் விழலாம். விழுந்தால் இருப்பது உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். சுப்பராயலுவிடம் போனேன், வாசலில் காத்திருந்தேன், வெளியே வரவில்லை. வேறு வீடு கேட்டு பண்டசோழநல்லூரில் என் மைத்துனனுக்கு எழுதினேன், பதில் இல்லை. கடைசி மூன்று நாள் நான் சாப்பிடவில்லை என்று அம்சவள்ளி சொல்லியிருப்பாள். அது உண்மை.

தீபாவளி அன்று விடியும்போது தெருவெங்கும் வெடி. காசம்மாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கொல்லையில் வெந்நீர் அடுப்பண்டை உட்கார்ந்திருந்தாள். வேலியில் ஓலை கிழிந்த இடம் ஒன்று உண்டு, அதை நான் ஐப்பசி முதல் வாரத்திலேயே பார்த்து வைத்திருந்தேன். நான் அதற்குமுன் சுட்டதில்லை. நல்லபடி துடைத்து வைத்த துப்பாக்கி, கை சொன்னபடி கேட்டது. வெடிச் சத்தங்களில் அதுவும் ஒன்று. பிறகு நானும் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அம்சவள்ளி கொடுத்த தீபாவளி மருந்தைச் சாப்பிட்டேன்.

தெருவார் பார்த்து, கூக்குரல் எழுந்து, போலீசார் வந்தார்கள். பிரேதத்தை எடுத்துப் போனார்கள். ஒரு போலீஸ்காரரை அவள் வீட்டில் காவலுக்கு விட்டார்கள். பார்த்தவர்களின் வாக்குமூலங்களைத் தமிழில் அழகாக எழுதிக் கொடுத்தது நான்தான்.

சுட்ட துப்பாக்கியை அப்படியே விட்டால் வெடிமருந்துக் கரி குழலை அரித்துவிடும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வழக்கம்போலப் பின்கதவைச் சாத்தினேன். சுருளைப் பிரித்து, துணியைச் சுற்றி, குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

சரி, என் கைதான் சத்தமில்லாமல் பழகிவிட்டதே என்று ஆரம்பித்தேன். கீச்சென்ற முதல் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. முதல் வாரத்துக்குப் பிறகு அதை நான் கேட்டதே இல்லை. பாதி துடைப்பதற்குள் கதவு உடைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த போலீஸ்காரர், தம் காதுக்குள்ளேயே குச்சி விட்டுக் குடைந்தாற்போல இருந்தது என்று சொன்னார்.

நேற்றுத் தாங்கள் என் முன்னால் வைத்த மனுவைப் பற்றிக் கேட்டீர்கள். அது என் கையெழுத்துதான். வைகாசி மாதம் வெள்ள நிவாரணம் கேட்டுக் காசம்மாள் சொல்ல நான் எழுதியது. "மார்கழியில் ஏரி உடைந்து அடியாளின் பயிர் முழுதும் மணல் மூடிப் போனபடியால், தை மாதம் தொட்டு அடியாள் வீட்டில் ஒரு மணி நெல்கூடக் கிடையாது, பிறத்தியார் வார்க்கும் கஞ்சியில் உயிர் வாழ்கிறேன்" என்று எழுதி, கீழே அவள் பெருவிரல் ரேகையை நானே பிடித்து வைத்தேன். வாக்கியம் நன்றாக அமைந்த மனு.

நெல் இல்லாதவள் ஆடி முதல் ஐப்பசி வரை வாரத்துக்கு இரண்டு நாள் எதைக் குத்தினாள் என்பது தங்கள் கேள்வி. உரலுக்குள் தவிடு ஒட்டியிருக்கவில்லை, உலக்கைப் பூண் பட்டுக் கல் வெறுமனே வெளுத்திருந்தது என்று தங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அம்சவள்ளி பயம் தாங்காமல் முதல் வாரமே அவளிடம் அழுதுவிட்டதாகவும், "நீ அழாத, ஒன் வூட்டுக்காரரு குடையறப்ப நான் இடிக்கறேன்" என்று அவள் சொன்னதாகவும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். மனுவை விசாரிக்கப் போலீசார் வீட்டண்டை வர வேண்டாம், தெருவுக்கே வர வேண்டாம், தானே நேரில் வருகிறேன் என்று சொல்லத்தான் காசம்மாள் பாகூர் போவதாக இருந்தாளாம். கஞ்சி குடிக்கிறவளுக்கு அரைமணி நேரம் உலக்கை போட எங்கிருந்து தெம்பு வந்தது என்று நானும் யோசித்தேன்.

அம்சவள்ளி என்னைப் பார்க்க வரவில்லை. மார்கழியில் அவளுக்குப் பேறு காலம். காசம்மாள்தான் பார்ப்பதாக இருந்தது. வேறு ஆள் வேண்டும் என்று கரியமாணிக்கத்து மருத்துவச்சிக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து சேர்ப்பிக்க வேண்டும்.

காசம்மாளைச் சுட்டது நான். வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை. ஆனால் ஒன்றைத் தாங்கள் பதிந்துகொள்ள வேண்டும். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. எதையும் வெளியே விடாத மனிதன் நான் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு ஏன் என்மேல் நம்பிக்கை வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.