இரண்டு விரல் இடம்

பெரிய நாய்களுக்கு மொசைக் தரை ஆகாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள், டாக்டர். அன்றைக்கே என் மகள் ஃபீபி வீடு முழுக்க ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டாள்.

எங்கள் நாய்க்குக் கோலியாத் என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஜெபத்துக்கு வந்த போதகர், "ஏம்மா, தாவீதுன்னு வெச்சிருக்கலாமே?" என்றார்.

"தாவீது இவ்ளோ சோறு துன்ன மாட்டாரு ஐயா."

என் மனைவி இறந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

எங்கள் ஊர் மாதனூரில் ஷூ கம்பெனி பஸ் ஒன்று பின்னால் வரும்போது அவனை இடித்துவிட்டது. பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. நீங்கள் பிளேட் வைத்தீர்கள். ஃபீபி வேலூரில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்து விசாவும் வந்திருந்தது. "இவன் நாலு கால்ல நிக்கட்டும்ப்பா. அப்புறம் கிளம்பறேன்" என்றாள்.

வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து அவனை வெளியே நடத்துவாள். காலை மெதுவாக மடக்கி நீட்டுவாள். அவள் வேலைக்குப் போயிருக்கும்போது அதையெல்லாம் நான் செய்தேன். நன்றாகவே செய்தேன். நீங்களே பாராட்டினீர்கள்.

முதல் தடவை நடந்தது தற்செயல். விரிப்பைக் கழுவிக் காயப் போட்டிருந்தேன். வெறும் தரையில் வழுக்கி விழுந்தான். ஸ்க்ரூ தளர்ந்து மறுபடியும் ஆபரேஷன். ஃபீபி அயர்லாந்துக்குப் பேசி அவகாசம் கேட்டாள். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

இரண்டாம் தடவை விரிப்பு அழுக்காக இல்லை. இருந்தாலும் எடுத்துக் கழுவினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் வருவான். ஒவ்வொரு காலாக வைத்து வந்தான். விழவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது தெரிந்தது. ஃபீபி டிக்கெட் போட்டாள்.

நான் ஆம்பூர் டேனரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஈரத் தோல் காயும்போது சுருங்கும். அதனால்தான் சட்டத்தில் இழுத்துக் கிளிப் மாட்டிக் காயவைப்போம். பதனிடாத பச்சைத் தோல் இன்னும் அதிகமாகச் சுருங்கும். எதைச் சுற்றியிருக்கிறதோ அதை இறுக்கும். டேனரியில் இது தெரியாதவர் கிடையாது.

பழைய கூட்டாளி ஆபித் பாஷாவிடம் பச்சைத் தோலில் ஒரு பட்டை கேட்டேன்.

"இன்னாண்ணே, வேலைய வுட்டும் தோல் நாத்தம் வுடலியா?"

"நாய் மெல்றதுக்கு, பாய்."

"உன் நாய்க்குப் பட்டை எந்த மூலைக்கு? முழு மாடே கம்மி." சிரித்துக்கொண்டே அறுத்துக் கொடுத்தார்.

அந்த வாரம் ஃபீபிக்குத் தொடர்ந்து டூட்டி. ஹாஸ்டலில் தங்க வேண்டியிருந்தது. எலும்பு கூடினாலும் இன்னும் சில நாள் கட்டு இருக்கட்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். கிளம்புமுன் காலுக்குப் புதுக் கட்டுப் போட்டாள். கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். தன் விரலை விட்டுப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். "லூசாதான் இருக்கும்மா" என்றேன்.

அவள் போனதும் கட்டைப் பிரித்தேன். ஈரப் பட்டையைக் காலில் சுற்றி முனைகளைச் சேர்த்துத் தைத்தேன். மேலே அவள் கட்டியது போலவே கட்டினேன். கோலியாத் என் கையை நக்கிக்கொண்டிருந்தான். பிறகு அவனை வெயிலில் படுக்க வைத்தேன்.

மறுநாள் கட்டைக் கடிக்கப் பார்த்தான். வாய் எட்டாமல் இருக்க நீங்கள் கொடுத்த பிளாஸ்டிக் கூம்பைக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

"எப்டி இருக்கான்ப்பா?" என்று போனில் கேட்டாள்.

"நல்லா தூங்கறான்மா."

அவள் வருகிற நாளில் பட்டையை அறுத்து எடுத்துவிட்டுத் துணியைப் பழையபடியே கட்டினேன். கட்டை அவள்தான் பிரித்தாள். பாதம் கறுத்துச் சில்லிட்டிருந்தது. நீங்கள் காலை எடுத்தீர்கள். அவ்வளவு பெரிய உடம்பை மற்றக் கால் தாங்கவில்லை. கடைசியில் ஊசி போட்டீர்கள். அவன் தலையை ஃபீபி தன் மடியில் வைத்திருந்தாள்.

முதலில் அந்தக் காலைப் பார்த்த அன்றே, "இவ்ளோ இறுக்கமா யாரு கட்டுனது?" என்று கேட்டீர்கள். "நான்தான் டாக்டர்" என்றாள். நர்ஸுக்குப் படித்தவள் செய்கிற வேலையா இது என்று திட்டினீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "அப்பா, கட்டுக்குள்ள ரெண்டு விரல் போச்சுல்ல? நீங்களும் பாத்தீங்கல்ல?" என்றாள்.

"சரியா கவனிக்கலியேம்மா" என்றேன்.

அயர்லாந்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வார்டு வேலையையும் விட்டாள். "ஒரு நாயோட காலையே பாத்துக்கத் தெரில. மனுசங்க காலை எப்டிப்பா தொடுவேன்?" என்றாள். இப்போது ஷூ கம்பெனியில் பெட்டி அடுக்கப் போகிறாள். சாயங்காலம் வந்துவிடுகிறாள். சமைக்கிறாள். சாப்பிடும்போது தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கோலியாத் காலில் இருந்த பள்ளம் துணிக்கட்டு இறுக்கி வந்தது போல இல்லை, அன்று எடுத்த போட்டோவை மறுபடி பார்த்தபோது சந்தேகம் வந்தது என்று நேற்று போன் செய்தீர்கள். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று வந்தேன். செய்தது நான்தான். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவளுக்கு இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். போகாதே என்று நான் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிள்ளைகளைக் கட்டிப் போடுகிற தகப்பன் இல்லை நான்.