மூணுக்கும் நாலுக்கும் நடுவுல

அந்தப் பட்டனை அமுக்காதீங்க சார். அமுக்கினா எங்க ஆபீஸ்ல மணி அடிக்கும். அடிச்சா, ஓடுடா, லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னு மெக்கானிக்கை விரட்டுவாங்க. அந்த மெக்கானிக் நான்தான். நான்தான் உங்க பக்கத்துலயே நிக்கிறேனே! இதைவிட வேகமா எந்தக் கம்பெனியில ஆள் அனுப்புவாங்க?

சேச்சே, சிரிக்கலை சார். காலையிலேருந்து மூஞ்சி இப்படித்தான் இருக்கு. அடக்கினா காது வழியா வருது.

தெரியும் சார், நாலாவது மாடி, ரிஜிஸ்டர் ஆபீஸ். பையன் சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்றார், நீங்க போய் நிறுத்தணும். எப்படித் தெரியுமாவா? ஏறும்போதே போன்ல கத்திக்கிட்டுதானே வந்தீங்க? கீழ வாட்ச்மேன் வரைக்கும் கேட்டுச்சு. இப்ப அந்தப் போனைப் பாத்துப் புண்ணியமில்ல, இரும்புப் பெட்டி, சிக்னல் வராது. கதவைத் திறந்தாலும் எதிர்ல சுவருதான். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல தொங்கறோம்.

இப்படி ஆள் உள்ள மாட்டிக்கிட்டா எங்க தொழில்ல அதுக்கு ட்ராப்னு பேரு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டா போதும், சாப்பிட்ட கையைக் கழுவாம ஓடுவோம். ஆனா என் மச்சான் இருக்கானே, பிளம்பர், அவன்கிட்ட போய் ட்ராப்னு சொல்லுங்க. எந்த வீட்டு சிங்க்குன்னு கேப்பான். சிங்க்குக்கு அடியில குழாய் வளைஞ்சு போகுமில்ல, அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தம் மேல ஏறாம அதுதான் தடுக்குது. நாம ஊத்தற தண்ணி மட்டும் ஜோரா இறங்கிடும். அவனுக்கு அதான் ட்ராப்பு.

என் வீட்டுக்காரிக்கு ட்ராப்னா எலிப்பொறி. ரொட்டித்துண்டு வெச்சு எலி பிடிப்பா. பிடிச்சதும் மனசு கேக்காது, ஐயோ, மீசை துடிக்குது பாருங்கன்னுட்டு அடுத்த தெருவுல கொண்டுபோய் விட்டுட்டு வருவா. இவ வீடு திரும்பறதுக்குள்ள அது வந்து இவளுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்.

உக்காருங்க சார், தரை சுத்தமாத்தான் இருக்கு. காலையில நானே துடைச்சேன். எதுக்காவா? ஒரு ஆசைதான்.

என்ன, யூனிஃபார்முக்குள்ள புதுச்சட்டை தெரியுதா? கண்ணு கூர்மைதான் உங்களுக்கு. வீட்ல ஒரு விசேஷம். டூல் பையில அந்த டப்பாவா? அது ஸ்பேர் பார்ட்ஸு சார், கை வைக்காதீங்க.

சரி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. பொண்ணுகிட்ட என்ன குறை? பாத்ததே இல்லையா! போட்டோ கூட? அப்ப குறைன்னு ஒண்ணும் இல்ல. உங்களைக் கேக்காம முடிவு பண்ணிட்டாங்க, அதானே வலிக்குது? வலிக்கும் சார். அந்த வலி எனக்கும் தெரியும். என் பொண்ணும் எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு, சாப்பிட்டுக்கிட்டே சாதாரணமா சொன்னா. எனக்குச் சோறு இறங்கல. எங்க கோட்டை விட்டோம், பயப்படற மாதிரி அப்பனாவா இருந்தோம்னு நாலு நாள் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டேன். அப்புறம் அவ மூஞ்சியைப் பாத்தேன். அவ்வளவுதான், இந்தச் சிரிப்பு ஒட்டிக்கிச்சு.

அவ ஃபுட்பால் ஆடறவ சார். அவளுக்கு ட்ராப்னா வேற. பந்து குண்டு மாதிரி வரும். நெஞ்சைக் கொஞ்சம் உள்ள வாங்குவா. அது தூங்கி விழற பூனைக்குட்டி மாதிரி காலடியில வந்து படுக்கும். நாம பந்தைத் தடுக்கறதில்லப்பா, தடுத்தா அது திருப்பி அடிச்சிடும், வேகத்தை மட்டும் வாங்கிக்கணும்னு சொல்லுவா.

உங்க பையனுக்கு அந்த விளையாட்டெல்லாம் சுத்தமா வராது. சக்கரை இல்லாத டீயைக் கையில வெச்சுக்கிட்டு ஓரமா நின்னு கை தட்டுவார், அவ்வளவுதான். எனக்கு எப்படி… சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன் சார். இந்தக் காலத்துப் பசங்க எல்லாம் சக்கரை இல்லாமத்தானே குடிக்குதுங்க.

என்ன சார், நெஞ்சைப் பிடிக்கறீங்க? இங்க பாருங்க, இடது கை வலிக்குதா? வேர்க்குதா? நிஜ வலின்னா விளையாடாதீங்க, இந்த நிமிஷமே கீழ இறக்கிடறேன்… இறக்கச் சொல்றேன். வேணாமா? மூச்சு நல்லா வருதா? அப்பாடா. கையை எடுங்க, எனக்கு உயிரே போயிடுச்சு.

ஷ்ஷ்! கேட்டுச்சா?

மேல கதவைத் தட்டறாங்க. டொக் டொக் டொக். ஐயோ, முடிஞ்சுது! முடிஞ்சுது சார்! கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு!

முறைக்காதீங்க. ஆமா, லிஃப்ட்டை நிறுத்தற சாவி என் பாக்கெட்லதான் இருந்துச்சு. லிஃப்ட்டுக்கு ஒரு நோவும் இல்ல, தங்கம் மாதிரி ஓடுது பாருங்க. இத்தனை வருஷமா மாட்டினவங்களை வெளிய எடுத்தே பழகின கை. ஒருத்தரை உள்ள வெச்சது இன்னிக்குத்தான். தப்புதான், கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். நேத்து என் பொண்ணு சொன்னா, அப்பா, அவரோட அப்பா வந்து நெஞ்சைப் பிடிச்சார்னா இவர் பேனாவைக் கீழ வெச்சிடுவாரு, அந்தப் பெரியவரைக் கொஞ்ச நேரம் பேச்சுல பிடிச்சு வெச்சுக்கோன்னு. பேசத்தான் எனக்கு வரும். வேகத்தை மட்டும்தான் வாங்கிக்கிட்டேன், வேற ஒண்ணும் பண்ணல.

இந்தாங்க, அந்த டப்பாவைத் திறங்க. ஸ்பேர் பார்ட்ஸ்னு சொன்னேனே, எடுத்து வாயில போடுங்க. அடிக்கறதா இருந்தா இனிப்பை முழுங்கிட்டு அடிங்க, புரையேறிடப் போகுது.

கதவு திறக்குது. ரெண்டு பேரும் எதிர்லயே நிக்கிறாங்க. உங்க பையன் பேனாவை இன்னும் கீழ வைக்கல பாருங்க. பாத்து வாங்க, லிஃப்ட்டு ஒரு விரல்கடை கீழ நிக்குது, கால் தடுக்கிடப் போகுது, சம்பந்தி.