சுரைக்காய் காய்க்கும்வரை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர், சித்திரைக்கு வாங்கிய புதுப் பஞ்சாங்கத்தை இளையவரின் கூடையில் திணித்தார்.

“சுரைக்கா காய்க்கிற வரைக்கும் இது உன் வீட்ல இருக்கட்டும்.”

“ஏங்க்கா?”

“எங்க வீட்டுக்காரர் கண்ணாடி போடாம போன வருசப் பஞ்சாங்கத்தப் பாத்துட்டாரு. வளர்பிறைன்னு நெனச்சு தேய்பிறையில விதை போட்டுட்டாரு.”

“வானத்தப் பாக்கலியா?”

“மழை மேகத்துல நிலா எங்க தெரிஞ்சிச்சு? இப்ப அத்தனையும் ஜோரா முளைச்சிருக்கு. விசயம் தெரிஞ்சா எல்லாத்தையும் பிடுங்கிட்டு மறுபடி விதைப்பாரு.”

“நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. எங்க வீட்ல பஞ்சாங்கமா?”

“அதான் அங்க வந்து தேடமாட்டாரு.”

இளையவர் சிரித்துக்கொண்டே அதன்மேல் கீரைக்கட்டை வைத்து மூடினார்.

“மொதக் காய் எங்களுக்குத்தான், சொல்லிட்டேன்.”