எழுப்பாமல் விட்ட மன்மதன்

மாலை ஐந்து மணி. பொகவந்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தொழிலாளர் குடியிருக்கிற மேல்மலை லயத்துக்கு ஏறுகிற பாதையில் ஒரே ஒரு ஆள்... எங்கள் பழனியாண்டியின் மச்சான் சின்னத்தம்பி. சாராயச் சண்டையில் ஒருவன் மண்டையை உடைத்து, ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு அன்றுதான் வெளியே வந்தவன். ஐம்பத்துநாலாம் வருஷம் நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு முதுகு காட்டி இருக்கிறவர் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது முடக்கில் சத்தம் கேட்டது. தொப்... தொப்... ஈரச் சாக்கைத் தடியால் அடிக்கிற மாதிரி. சுற்றிலும் தேயிலைதான், ஆள் அரவமே இல்லை. காய்ந்த புல் கருகிய வாடை. அதோடு ரத்த வாடை. பிறகு அவன் காலடியிலிருந்து ஒரு குரல், பல் உடைந்த வாயிலிருந்து வருகிற மாதிரி.

"அண்ணே... எந்திரிக்கவா?"

நல்லமுத்துவின் குரல். அவன் ஜெயிலில் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

எப்படிச் செத்தான் என்று கேளுங்கள். ஜெயிலில் நான்கு மணிக்கே சோறு போட்டுவிடுவார்கள். பூட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் முற்றத்தில் சும்மா இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அங்கே மனுஷன் உயிரோடு இருக்கிறான். சிலர் தரையில் கரியால் கட்டம் கிழித்து ஆடுபுலி ஆடுவார்கள். சிலர் பேன் பார்ப்பார்கள். ஒருவன் ஓணான் பிடித்து வந்து சண்டைக்கு விடுவான். மாசி பிறந்ததும் தோட்டத்து ஆட்களுக்குக் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. ஜெயிலுக்குள்ளேயே காமன் கூத்து போட்டார்கள்.

சோற்றுத் தட்டுதான் தப்பு மேளம். துவாலைதான் ரதிக்குச் சேலை. சின்னத்தம்பி சிவன். வேலைநிறுத்தத்தில் கல்லெறிந்து உள்ளே வந்த நல்லமுத்து மன்மதன். சிவன் எரித்ததும் மன்மதன் விழ வேண்டும். சிவனே திரும்ப வந்து பேர் சொல்லி எழுப்புகிற வரை கண் இமைகூட அசையக் கூடாது. தோட்டத்தில் என்றால் மூன்றாம் நாள் எழுப்புவார்கள். இங்கே அந்த ஒரு மணி நேரத்துக்குள் எரித்து, எழுப்பி, முடித்துவிடுவதாகப் பேச்சு.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சின்னத்தம்பி ஒரு பிடி காய்ந்த புல்லைக் கொளுத்தி வீசினான். நல்லமுத்து மரம் சாய்கிற மாதிரி விழுந்தான். புகையைப் பார்த்த காவலர்கள் கலவரம் என்று நினைத்துவிட்டார்கள். விசில் ஊதிக்கொண்டு தடியோடு ஓடிவந்தார்கள். ஆடினவன், தப்பு அடித்தவன், பார்த்தவன் எல்லாரும் சுவரோரம் போய்க் குந்திவிட்டார்கள், சிவனும் சேர்த்துத்தான். முற்றத்து நடுவில் நல்லமுத்து மட்டும் கிடந்தான்.

"நெகிட்டபங்!" எழுந்திருடா என்று சிங்களத்தில் கத்தினார்கள். அவன் எழவில்லை.

முதல் அடி முழங்காலில். சிரட்டை உடைகிற சத்தம். அடுத்தது விலாவில். அதற்கடுத்தது வாயில்... பல் தெறித்து விழுந்தது. அவன் கத்தவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவுமில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து சின்னத்தம்பியைப் பார்த்தான். பத்தடி தூரம். 'நல்லமுத்து, எந்திரிடா' என்று சொன்னால் போதும். ஆனால் வாயைத் திறந்தால் அந்தத் தடி தன் பக்கம் திரும்பும் என்று சின்னத்தம்பிக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டான். அந்தப் பாவம் அவனைச் சும்மா விடுமா?

விடுதலையான அன்று அந்த மலைப் பாதையில் நின்று சின்னத்தம்பி, "எந்திரிடா! எந்திரிடா நல்லமுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அடிச் சத்தம் நிற்கவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு லயத்து வாசலில் கேட்டது. அதற்கு மறுநாள் அடுப்படியில். எட்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் பெண்டாட்டி காளியாயியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதான்.

"எரிச்ச எடத்துல நின்னுல்ல எழுப்பணும்?" என்றாள் அவள். "இங்கன நின்னு கத்துனா அவருக்கு எப்புடிங்க கேக்கும்?"

"அப்ப தெனமும் அடி வாங்கிக்கிட்டே கெடப்பானா?"

சொன்ன பேச்சின் அர்த்தம் அப்போதுதான் காளியாயிக்கே உறைத்தது. "வேணாங்க... திரும்ப அங்க போவாதீங்க," என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், தோட்டத்து மேற்பார்வைக்காரர் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். ஒரு பாவமும் அறியாத மனுஷன். சின்னத்தம்பி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு போய் அவர் தோளில் ஒரே வெட்டு வெட்டினான். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "என்னையப் புடிச்சுக் குடுத்துருங்க," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அதே ஜெயில். அதே முற்றம். போன அன்றே, சோறு முடிந்ததும் ஒரு குவளை கஞ்சித் தண்ணீரோடு நடுவில் போய் நின்றான். மன்மதனை எழுப்பப் பால் தெளிப்பதுதான் முறை, பாலுக்கு அங்கே எங்கே போவது? மூன்று தடவை தரையில் தெளித்தான்.

"நல்லமுத்து, எந்திரிடா. அண்ணன் வந்துட்டேன்."

பக்கத்தில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறேன். யாருக்கோ கைகொடுத்துத் தூக்குகிறவன் போலக் குனிந்தான். நிமிர்ந்து, வழி விட்டு ஒதுங்கினான். பிறகு அதே இடத்தில் தானாகவே படுத்து, கையைக் காலை நீட்டிக்கொண்டான். தொப்... முழங்கால் உடைந்தது. தொப்... விலா உள்ளே போனது. அவனைச் சுற்றி நாலு முழத்துக்கு ஆளே இல்லை. வாயிலிருந்து பல் தெறித்து ஆடுபுலிக் கட்டத்தில் வந்து விழுந்தது. அவன் முனகக்கூட இல்லை.

உடம்பைச் சாக்கில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். பூட்டுகிற நேரம். ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். அவன் உயிரோடு இருந்தபோது எண்ணினது நூற்று நாற்பது. செத்தவன் போக, நூற்று முப்பத்தொன்பது இருக்க வேண்டும்.

மூன்று தடவை எண்ணினார்கள்.

நூற்று நாற்பது.