அமுக்காத பந்து

அண்ணி: ...வேண்டாம்டி, வீட்டுக்குப் போயிடலாம். தலைவலிதானே. தானா வந்தது, தானா போகும்.

நாத்தனார்: ஆறு மாசமா போகலையே. இந்த ஸ்கேன் எடுக்காம மருந்தே எழுத மாட்டேன்னுட்டார் டாக்டர். உட்காருங்க அண்ணி.

அண்ணி: போன வாரம் அந்தக் குழாய்க்குள்ள தலை போனதும்... மூச்சே நின்ன மாதிரி ஆயிடுச்சு. கூப்பிடறதுக்குன்னு கையில குடுத்த பந்தை அமுக்கி, பாதியில வெளிய வந்து... மானமே போச்சு.

நாத்தனார்: இந்தத் தடவை அந்த தியான ஆப்ல சொல்ற மாதிரி பண்ணிப் பாருங்க. தினம் காலைல காதுல மாட்டிக்கிட்டு உட்கார்றீங்களே.

அண்ணி: அது வீட்டுக்குச் சரி. பள்ளிக்கூட வேன், தைக்கக் குடுத்த பிளவுஸைக் கேட்டு வர்றவங்க, உங்கண்ணன் சட்டைன்னு எல்லாம் ஒரே நேரத்துல கழுத்தைப் பிடிக்கறப்போ உதவுது. இங்க என்ன பண்ணும்? அதுல பேசுறவ வேற... 'மூச்சை... மெதுவா... கவனிங்க...' அவ ஒரு வார்த்தை முடிக்கறதுக்குள்ள நான் பாலைக் காய்ச்சி இறக்கிடுவேன்.

நாத்தனார்: மெதுவா சொன்னாத்தான் மனசு அடங்கும். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசினாங்களோ.

அண்ணி: உனக்கெதுக்குடி ரோஷம்? சொந்தக்காரியா?

நாத்தனார்: எனக்கென்ன வந்தது...

அண்ணி: அவளுக்குக் கோபமே வராது போல. நீயும் கேளேன் பட்டாசு. காலைல சாக்ஸைக் காணோம்னு நீ கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

நாத்தனார்: அது... அவசரத்துல...

ஸ்கேன்காரர்: வாங்கம்மா. கம்மல், வளையல் எல்லாம் கழட்டியாச்சா?

நாத்தனார்: என் பையில இருக்கு. தம்பி, நான் கூட இருக்கலாமா?

ஸ்கேன்காரர்: கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்கூட உட்காருங்க. அம்மா, கையில பந்து இருக்கு. முடியலைன்னா அமுக்குங்க. தலையை மட்டும் அசைச்சுடாதீங்க.

அண்ணி: தம்பி... வெளிய எடுத்துடுங்க. முடியலை...

ஸ்கேன்காரர்: இன்னும் ஆரம்பிக்கவே இல்லைம்மா. மேடம், இந்த மைக்ல ஏதாவது பேசுங்க. அவங்க காதுல விழும்.

நாத்தனார்: நானா? என்னத்தைப் பேச...

ஸ்கேன்காரர்: சீக்கிரம். பந்தை அமுக்கப் போறாங்க.

நாத்தனார்: அண்ணி... கண்ணை மூடிக்கோங்க... உள்ளங்கால்ல என்ன தெரியுதுன்னு பாருங்க. போர்வையோட சூடு... மூச்சை மாத்த வேண்டாம். அது பாட்டுக்கு உள்ள போகட்டும்... வெளிய வரட்டும். பயம் வருதா... வரட்டும். விரட்டாதீங்க. 'வந்துட்டியா, ஓரமா உட்காரு'ன்னு விட்டுட்டு... மறுபடி மூச்சுக்கு வாங்க...

ஸ்கேன்காரர்: மேடம், எனக்கே கண்ணைச் சொருகுது.

நாத்தனார்: மைக்கை மூடிட்டீங்களா? நீங்க தூங்கினா தொலைச்சுடுவேன். படத்தைப் பாருங்க.

ஸ்கேன்காரர்: சரி, சரி. திறந்துட்டேன், பேசுங்க.

நாத்தனார்: இப்போ டமடமன்னு சத்தம் வரும் அண்ணி. வந்துட்டுப் போகட்டும். சத்தம் நின்னதும் மறுபடி பேசுவேன்... இங்கேயேதான் இருக்கேன்...

ஸ்கேன்காரர்: அவ்வளவுதாம்மா, எழுந்திருங்க. ஒரு படம்கூடக் கலங்கலை.

அண்ணி: முடிஞ்சுதா... நிஜமாவா? பந்து எப்போ கையை விட்டுப் போச்சுன்னே தெரியலையே.

நாத்தனார்: அழாதீங்க அண்ணி.

அண்ணி: அழலைடி. நெஞ்சுல இருந்த பாரம் இறங்குச்சு, கண்ணுல தண்ணி வருது. நீ ஏன் அழற?

நாத்தனார்: ஒண்ணு சொல்லணும்... அந்த ஆப்ல பேசுறது நான்தான். ராத்திரி துணி அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பதிவு பண்றேன். வீட்டையே ரெண்டாக்குற நான் ஊருக்கு அமைதி சொல்லித் தர்றேன்னா... விழுந்து விழுந்து சிரிப்பீங்கன்னுதான்...

அண்ணி: முதல் நாளே தெரியும்.

நாத்தனார்: எப்படி? குரலையே மாத்தியிருந்தேனே...

அண்ணி: குரலை மாத்தின. பின்னாடி உறுமுற நம்ம வீட்டு ஃப்ரிட்ஜை மாத்தலையே. கேட்டா கூச்சப்பட்டு நிறுத்திடுவியோன்னு பயம்... உன்னையும் அந்த ஃப்ரிட்ஜையும் கேட்காம எனக்கு விடியறதே இல்லைடி.