பின் இடது புஷ்

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரியே. எனக்கு வயது முப்பத்தெட்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். மேற்படி வீட்டில் நானும் என் கணவரும் மாமனாரும் குடியிருந்து வருகிறோம். மாமியார் காலமாகிவிட்டார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கணவர் தரை டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மாமனார் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

மாமனார் பெயரில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் உள்ளது. கருஞ்சிவப்பு நிறம், இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரை துணியால் ஆனது. அவர் அதைத் தன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கினார். கண் ஆபரேஷன் ஆன பிறகு அவர் ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார். அவருக்கு இப்போது முகங்களே மங்கலாகத்தான் தெரியும். ஆனால் எந்தத் தெருவில் போகிறோம் என்பதை ரோட்டின் குண்டு குழியை வைத்துச் சொல்லிவிடுவார். என் கணவர் அந்தக் காரில் ஏறுவதில்லை. கால் நீட்ட இடம் இல்லை என்பார்.

சில மாதங்களுக்கு முன் பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்கம் டொக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது, அதன் பிறகு வளைவில் திரும்பினால் முன்பக்கம் திரும்பி, பின்பக்கம் யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருந்தது, நான் குனிந்து பார்த்ததில் பின் சக்கரத்துப் புஷ்கள் வெடித்துப் போயிருந்தன. புஷ் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் காரின் உடம்போடு சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் இடிக்காமல் நடுவில் வைக்கும் உருளை அது. நம் முட்டியில் இருக்கும் ஜவ்வு மாதிரி.

அதன் பிறகு என் கணவர், தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒர்க் ஷாப்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் மூன்று மாதிரிப் புஷ்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒன்று கறுப்பு ரப்பர், ஒன்று மஞ்சள் நிறப் பாலியூரித்தேன், ஒன்று வெள்ளை நைலான். மாமனார் ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஒர்க் ஷாப்காரர் சொன்னது: "ரப்பர்னா சொகுசு, சத்தம் வராது. ஆனா எண்ணெய் பட்டா ஊறிடும், சில வருஷத்துல வெடிச்சிடும். மஞ்ச உழைக்கும், வளைவுல கெட்டியா நிக்கும், குழி விழுந்தா முதுகுல தெரியும். வெள்ளை ரேஸ் ஓட்டறவங்களுக்கு, அத விடுங்க."

என் கணவர் மஞ்சளையே போடச் சொன்னார். "ஒரு தடவ போட்டா உங்க ஆயுசுக்கும் போதும்ப்பா" என்றார். அதற்கு மாமனார், "என் ஆயுசுக்குப் போதும்னா ரப்பரே போதும்டா" என்றார். நானும் ஒர்க் ஷாப்காரரும் சிரித்தோம். கணவர் சிரிக்கவில்லை.

நானும் ரப்பரே நல்லது என்றேன். காரணம், அந்தக் காரின் பின்பக்கக் கை மேலும் கீழும் மட்டும் போவதில்லை, கொஞ்சம் முறுக்கியும் கொள்ளும். ரப்பர் எந்தப் பக்கம் இழுத்தாலும் இடம் கொடுக்கும். மஞ்சள் ஒரு பக்கம்தான் சுழலும், மற்ற பக்கம் முரண்டு பிடிக்கும், அந்த இழுப்பெல்லாம் பழைய தகட்டில் போய் விழும். இப்படிப் பேசி, நான்கு சக்கரத்துக்கும் ரப்பர் என்று முடிவானது. ரப்பர் புஷ் போட்டால், கார் தரையில் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும், தூக்கி வைத்து முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் நான் கூட இருக்க வேண்டும் என்று ஒர்க் ஷாப்காரரிடம் சொன்னேன், அவரும் போன் பண்ணிச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை கணவர் சமையலறைக்கு வந்து, "நீ சொன்னா அப்பா கேப்பாரு. அந்த மஞ்சளையே போடச் சொல்லு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது. முடியாது என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

அதன் பிறகு கார் ஒர்க் ஷாப்புக்குப் போனது. எனக்கு எந்தப் போனும் வரவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. போல்ட் முறுக்கும்போது ஏன் கூப்பிடவில்லை என்று போனில் கேட்டதற்கு ஒர்க் ஷாப்காரர், நான் வேலையில் இருப்பேன் என்று தொந்தரவு பண்ணவில்லை என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாமனாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். கை எட்டும் இடமெல்லாம் தடவிப் பார்த்தார். அதன் பிறகு, "இது நம்ம வண்டி இல்லம்மா" என்றார். புது ரப்பர் என்பதால் அப்படித் தெரிகிறது, பழகிவிடும் என்றேன். அவர், "சீட்டு நம்மளுதுதான். ஸ்டியரிங் நம்மளுதுதான். கீழ இருக்கறது நம்மளுது இல்ல" என்றார். நான் வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். அப்போது நான் அவரை நம்பவில்லை.

வீட்டில் அவர் அதையே மகனிடமும் சொன்னார். என் கணவர் கோபப்படவில்லை. என்னை மாடிக்குக் கூப்பிட்டு, அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது, கொஞ்ச நாளாகவே தனக்குத் தெரியும் என்றார். அந்த வாரமே ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினார், அதன் பிறகு ஒரு வக்கீலோடும் பேசினார். அப்பாவால் இனி எதையும் பார்த்துக்கொள்ள முடியாது, டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் நாம்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். 'எல்லாவற்றையும்' என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. மாமனார் அதற்குள் சாப்பாட்டு மேசைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். எதையாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டு, என் கணவர் முகம் இருக்கும் திசையைப் பார்ப்பார்.

அதன் பிறகு ஒரு காலையில் நான் காரை வாசலிலிருந்து உள்ளே எடுத்து வைத்தபோது, வாசல் மேட்டில் ஏறுகையில் அது கிறீச் என்றது. புது ரப்பர் கிறீச்சிடாது. கிரீஸ் வற்றிய பாலியூரித்தேன்தான் அப்படிக் கிறீச்சிடும். எங்கள் பள்ளியில் ஒரு கார் அப்படித்தான் கத்தும், கற்றுக்கொள்ள வருபவர்கள் எதையோ ஏற்றிவிட்டோம் என்று பயந்து பிரேக் போடுவார்கள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துப் பார்த்தேன். புஷ் கறுப்பாகத்தான் இருந்தது. நகத்தால் அழுத்தினேன், நகம் இறங்கவில்லை. சாவியால் சுரண்டினேன். கறுப்பு உரிந்து, கீழே மஞ்சள் தெரிந்தது. நான்கு சக்கரத்திலும் அப்படியே இருந்தது. புதுப் புஷ்ஷுக்குப் பெயிண்ட் எதற்கு என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

முதலில் ஒர்க் ஷாப்காரர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கணவரிடம் சொன்னேன். அவர், "அப்பா ஆரம்பிச்சாரு, இப்ப நீயா?" என்றார். அதன் பிறகு மாட்டியிருந்த இடத்திலிருந்து கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். சாவியை எடுத்துப்போக அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

அவர் போன பிறகு நான் மாமனார் அறைக்குப் போய், நம் வண்டியின் அடியில் தடவினால் தெரிகிற மாதிரி ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டேன். அவர், "நீயும் என்னச் சோதிக்கிறியா?" என்று கேட்டார். இல்லை, உங்கள் மகனைத்தான் என்று சொன்னேன். அதன் பிறகு சொன்னார். இளவயதில் ஒரு தடவை பின் இடது சக்கரத்தைக் கல்லில் ஏற்றி, இரும்புக் கை சேரும் பட்டை பிய்ந்து, வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வெல்டர் மோசமான ஆள். வெல்டிங் வைத்த பற்று முழுக்கக் கட்டி கட்டியாக இருக்கும், அதனால் பட்டை இம்மி கோணலாகி, அந்தப் பக்கத்துப் புஷ் மட்டும் மற்றதைவிடச் சீக்கிரம் தேயும். மாமியாரிடம்கூட இதைச் சொன்னதில்லை என்றார்.

நான் மறுபடி காருக்கு அடியில் படுத்துப் பின் இடது பட்டையைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. கம்பெனியில் வைத்த பற்று தவிர வேறு எதுவும் இல்லை. புஷ்ஷை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், நம்பர் பலகையை மாற்றலாம். வைத்த வெல்டிங் வைத்த இடத்திலிருந்து காணாமல் போகாது. அப்போதுதான் இது வேறு கார், மாமனார் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. 

கிறீச் சத்தம் கேட்டது முதல் இதுவரை எல்லாம் இன்று காலை நடந்தது. டாக்டர் நேரம் கொடுத்திருந்ததும் இன்று மாலைதான்.

அதன் பிறகு நான் வேலைக்குப் போனேன். முதல் வகுப்பு தையற்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு. ரிவர்ஸ் எடுக்க வேண்டிய நாள் அது. நான் அவரை ஒர்க் ஷாப் இருக்கும் தெருவுக்கு ஓட்டச் சொன்னேன். ஒர்க் ஷாப்காரர் வெளியே போயிருந்தார், அவருடைய வேலையாள் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்டு உள்ளே போனேன். பின்னால் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நின்றது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கருஞ்சிவப்பு. உள்ளே சீட் இல்லை, ஸ்டியரிங் இல்லை, நம்பர் பலகையும் இல்லை. நான் தரையில் படுத்துப் பின் இடது சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டேன். பற்று கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. அதை ஒட்டியிருந்த புஷ்ஷில் நகம் இறங்கியது. புது ரப்பர். நாங்கள் மேசையில் பேசி முடிவு செய்த அதே ரப்பரைத்தான் போட்டிருக்கிறார்கள். வேலையில் குறை இல்லை. எங்கள் காரில்தான் போட்டிருக்கிறார்கள், எங்களுக்குத்தான் திருப்பித் தரவில்லை.

நான் எழுந்தபோது ஒர்க் ஷாப்காரர் எதிரில் நின்றிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் தாழ்ந்த குரலில், "என்ன தங்கச்சி, வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். எதை என்று கேட்டேன். என் சேலையில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. போனை எடுப்பதை மட்டும் பார்த்தேன்.

அதன் பிறகு தையற்கடை அக்காவை நேராகப் போலீஸ் நிலையத்துக்கு ஓட்டச் சொன்னேன்.  அவர் சிக்னலில் இரண்டு தடவை வண்டியை அணைத்துவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. "கிளட்ச்ச மெதுவா விடணும், அதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். என் கணவருக்கு இதில் என்ன தேவை, காரை யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் மஞ்சளைப் போடச் சொல்லி வற்புறுத்தியது, மாற்றி வைக்கப்போகிற காரில் ஏற்கெனவே மஞ்சள் இருந்ததால்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் ரப்பர் என்று சொல்லிவிட்டதால் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இது என் அனுமானம், எழுத வேண்டாம் என்றேன். அதிகாரி இதையும் எழுதிக்கொண்டார்.

இதுவரை சொன்ன பிறகு அதிகாரி ஆட்களை ஒர்க் ஷாப்புக்கு அனுப்பினார், அவர்கள் தகரக் கொட்டகையில் கார் இருப்பதாகத் தகவல் சொன்னார்கள். அதன் பிறகு நான் அதிகாரியுடன் வீட்டுக்குப் போனேன். என் கணவர் அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாமனார் கூடத்தில் இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாக உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் கையை நீட்டினார். "வந்துட்டியா. டாக்டர் கேப்பாராம். தேதி, கிழமை, வீட்டு நம்பர், எல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். ஒரு தடவ கேளு, தப்பு வந்தா இப்பவே திருத்திடு" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. கார் கிடைத்துவிட்டது, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். அவர் என் கையை விடவில்லை. அதன் பிறகு, "அப்போ எனக்கு ஒண்ணும் ஆகலையாம்மா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அப்போது என் கணவர் அறை வாசலில் வந்து நின்றிருந்தார். அவர் அதைக் கேட்டார் என்பதை நான் பார்த்தேன்.

நிலையத்துக்குத் திரும்பிய பின், கணவர்மீது புகார் கொடுக்கச் சம்மதமா என்று அதிகாரி கேட்டார். இவ்வளவு நேரம் நான் சொன்னது அதைத்தான் என்று சொன்னேன்.

நான் சொன்னதை அதிகாரி எழுதிப் படித்துக் காட்டினார், நானும் ஒரு தடவை வாங்கிப் படித்தேன். அனுமானம் என்று சொன்ன இடம் அனுமானம். மற்றதெல்லாம் நான் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்த உண்மை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

கையொப்பம்.