கடைசியாக வருபவர் தாழ் போட வேண்டும்

அன்று மாலைச் சாப்பாட்டுக்கு மேசையில் இருந்தவர்கள்:

வீட்டுக்காரர். பழைய சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பவர்.
அவர் மனைவி. சலவைக்கூடத்தில் மருத்துவமனைத் துணிகளுக்கு இஸ்திரி போடுபவர்.
அவர்கள் மகள். பள்ளியில் என் வகுப்பில் படிப்பவள்.
நான்.

அவர்கள் மூத்த மகன், பெரியவன், கீழே பட்டறையில் இருந்தான். அவனை இருந்தவர்களில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சூப்பில் உப்பு கொஞ்சம் கம்மி. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்தவர் சமையலைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. சாப்பிட்டு முடித்து, "இவன் கீழ என்னதான் பண்றான்" என்று வீட்டுக்காரர் எழுந்து போகும்வரை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

நம் மொழியிலேயே எழுதலாம் என்றீர்கள். நல்லது. அவர்கள் தங்கள் மொழியில் பேசியதையும் நம் வீட்டுப் பேச்சாகவே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வெளிநாடு வந்தவன் என்றதும் பெரிய படிப்பாளி என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரியைப் பாதியில் விட்டவன். பிறகு ஒரு கால் சென்டரில் இரவு ஷிப்ட். முகம் தெரியாதவர்கள் போனில் திட்டுவதை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு, ஆங்கிலத்திலேயே மன்னிப்புக் கேட்கும் வேலை. அங்கே வந்ததுதான் என் ஆங்கிலம். அந்த வேலையும் நிலைக்கவில்லை. பக்கத்தில் உட்காருபவன் தினமும் என் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொள்வான். ஒரு நாள் அவன் விரல்கள் மேசை இழுப்பறைக்குள் இருந்தபோது நான் அதை மூடினேன். கொஞ்சம் சாய்ந்து மூடினேன். அதன் பிறகு அவன் என் நாற்காலியைத் தொட்டதில்லை. வாயால் சொல்லிப் புரியாததைச் செய்து காட்ட வேண்டும் என்று இங்கே பள்ளியில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு அது புதிதாகப் படவில்லை.

வெளிநாட்டு ஆசிரியர்களை ஊரில் ஏதாவதொரு குடும்பத்தோடு தங்கவைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். எனக்குக் கிடைத்தது இந்த வீடு. கீழே பட்டறை, மேலே வீடு. இடையில் வெளிப்புறமாக ஏறும் இரும்புப் படிக்கட்டு. படி முடிகிற இடத்தில் கதவு. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பலகை, அதில் நான்கு கொக்கிகள்.

முதல் நாளே அம்மா சொல்லிவிட்டார். அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன், அவர் மறுத்ததில்லை.

"தம்பி, இந்த வீட்ல சாவியெல்லாம் கிடையாது. ஒரே சட்டம்தான். வந்ததும் சட்டையோ கோட்டோ கொக்கியில மாட்டணும். கொக்கி எல்லாம் நிறைஞ்சிருந்தா நீங்கதான் கடைசி. கடைசியா வர்றவங்க தாழ் போடணும். அதுவரைக்கும் கதவு சும்மா சாத்தியிருக்கும்."

வீட்டுக்காரர் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே சிரித்தார். "கல்யாணமான புதுசுல ஒரு நாள் நான் வெளிய நிக்கறப்பவே தாழ் போட்டுட்டு தூங்கிட்டா, வாத்தியாரே. மழை வேற. அன்னைக்கு வந்த சட்டம் இது."

"கூட்டாளிங்களோட சுத்திட்டு வந்தா மழையில நிக்கத்தான் வேணும்" என்றார் அம்மா.

பெரியவன் அப்போது கப்பலில் வேலையாக இருந்தான். அவன் அறையும் அவன் கொக்கியும் எனக்குக் கிடைத்தன. சின்னவள் என் உச்சரிப்பைப் பழித்துக் காட்டுவாள். "அண்ணா, நீங்க எங்க பாஷை பேசினா ரேடியோவுல தூசி போன மாதிரி இருக்கு." அண்ணா. நான் கேட்டு வாங்கியதில்லை. அவளாகவே கொடுத்தது.

வேலை முடிந்து படியேறி வந்து கதவைத் தள்ளினால் திறக்கும். உங்களுக்கு அது சாதாரணமாக இருக்கலாம். நான் அதுவரை வாழ்ந்த இடங்களில் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். யார் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும். இங்கே என் கொக்கி காலியாக இருந்தால் எனக்காகக் கதவு திறந்திருந்தது. சில நாட்கள் வேண்டுமென்றே தாமதமாகப் போவேன். கடைசி ஆளாகத் தாழ் போடுவதற்காக.

நானும் சும்மா இருந்து தின்றவன் இல்லை. பட்டறையில் பழைய துணியைக் கிழித்து எடுப்பேன், பஞ்சு பிரிப்பேன். பக்கத்து வீட்டு நாய் சின்னவளைப் பார்க்கும்போதெல்லாம் குரைத்துத் துரத்தும். "இது செத்துத் தொலைஞ்சா தேவல" என்று ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னாள். ஒரு சாக்கும் ஒரு செங்கலும் போதுமானதாக இருந்தன. மறுநாள் நாயைக் காணோம் என்று பக்கத்து வீட்டுக்காரி அழ, சின்னவளும் கூடவே அழுதுகொண்டு தேடப் போனாள். குழந்தை மனசு. நானும் அவளோடு தெருத் தெருவாகத் தேடினேன். ஒரு அண்ணன் செய்யக்கூடியது அதுதான்.

பிறகு பெரியவன் வந்தான். கப்பல் போதும், அப்பாவோடு பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே மூட்டையோடு வந்து நின்றான். நல்ல உயரம். சிரித்தால் பாத்திரம் உருண்ட மாதிரி சத்தம். என்னைக் கட்டிப்பிடித்து, "வாத்தியாரே, என் அறையில எலி இருந்துதே, இன்னும் வாடகை தராம இருக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறையைத் திருப்பிக் கேட்கவில்லை. கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டான். ஆனால் உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றி அவன் பழைய கொக்கியில் மாட்டினான். பார்க்காமலே கை அங்கே போயிற்று. அங்கிருந்த என் ஜாக்கெட்டை அம்மா எடுத்துக்கொண்டுபோய் அடுப்படிக் கதவின் பின்னால் ஒரு ஆணியில் மாட்டினார். "உங்களுக்கு இங்கதான் தம்பி வசதி." சின்னவளுக்கு அண்ணன் வந்துவிட்டதால் நான் சார் ஆனேன்.

அதன் பிறகு ஒரு மாலை. பள்ளியில் விடைத்தாள் திருத்திவிட்டு மழையில் நனைந்து வந்தேன். கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

எனக்கு முன்னால் வந்தவன் பெரியவன். கோட்டை மாட்டியிருக்கிறான், நான்கு கொக்கியும் நிறைந்திருக்கின்றன, தாழ் போட்டுவிட்டான். சட்டப்படி சரி. தட்டினேன். உள்ளே டிவி சத்தம், தட்டுகளின் சத்தம், அதற்கு மேலே அவன் சிரிப்பு. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருமுறைதான் தட்டினேன். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டேன். சின்னவள் குப்பை கொட்டக் கதவைத் திறந்தபோதுதான் என்னைப் பார்த்தாள்.

"அய்யோ சார்! நீங்க உள்ள அறையில இருக்கீங்கன்னுல்ல நெனச்சோம்."

பெரியவன் ஓடிவந்து துண்டால் என் தலையைத் துவட்டினான். "தப்பு என்மேலதான் வாத்தியாரே. நாலு கொக்கின்னே சின்ன வயசுலேருந்து பழகிட்டேன். கணக்குல நீங்க விட்டுப்போயிட்டீங்க."

மறுநாள் காலை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தம்பி, பள்ளிக்கூடத்துல பேசி வேற நல்ல இடமா பாக்கலாமா? இங்க நெருக்கடி. உங்களுக்குத்தான் கஷ்டம்."

நான் பதில் சொல்லும் முன் பெரியவன் சொன்னான். "எதுக்கும்மா? பாவம், இருக்கட்டும். சோபா எனக்கு நல்லாத்தான் இருக்கு."

நீங்கள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், அவன் உனக்கு என்ன கெடுதல் செய்தான் என்று. ஒன்றும் செய்யவில்லை. அதை முதலிலேயே சொன்னேன், நீங்கள் நம்பவில்லை. அவன் என்னைப் போகச் சொல்லியிருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன். இருக்கட்டும் என்றான். இருக்கட்டும் என்று யாரால் சொல்ல முடியும்? யாருடைய வீடோ அவரால்தான். அதுவரை நான் அங்கே இருந்தேன். அன்றிலிருந்து என்னை அங்கே இருக்க விட்டிருந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குப் புரியாவிட்டால் நான் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அன்று பள்ளி முடிந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். வீட்டுக்காரர் குளிக்க மேலே போயிருந்தார். பெரியவன் கடைத்தெருவிலிருந்து வந்தவன், கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் மெத்தையைத் தாங்கும் புது நாடாப் பட்டையை ஒரு கட்டையில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தான். முதுகு என் பக்கம். நான் ஜாக்கெட்டைக் கழற்றி, தூரத்தில் ஒரு நாற்காலியின் மேல் வைத்தேன். என்னிடம் இருந்த நல்ல உடுப்பு அது ஒன்றுதான்.

"வாத்தியாரா? வாங்க வாங்க. அந்தச் சின்ன சுத்தியல இப்படிக் குடுங்க."

எடுத்தேன். அவன் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே இருந்தான்.

அது மெத்தை ஆணி அடிக்கிற சுத்தியல், தலை சிறியது. அதில் எந்த வேலையும் ஒரே அடியில் முடியாது. எத்தனை முறை என்று கேட்டீர்கள், நான் எண்ணவில்லை. முதல் அடியில் அவன், "என்ன வாத்தியாரே" என்றான், ஏதோ கைதவறி விழுந்துவிட்ட மாதிரி. அதற்கப்புறம் பேச்சு இல்லை, ஆனால் கை மட்டும் சோபாவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பலசாலி. விரல்களைத் தட்டித்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. அப்போதும் மூச்சு இருந்தது. அவன் இழுத்துக்கொண்டிருந்த பட்டையின் மிச்சம் தொங்கியது. அதைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவன் கட்டையில் மாட்டி இழுத்தது போலவே நானும் மாட்டி இழுத்தேன். அந்தக் குடும்பத்தில் நான் கற்றுக்கொண்ட தொழில் அது. பிரித்துப்போட்ட பஞ்சு நிறையக் கிடந்ததால் தரை அவ்வளவாக நனையவில்லை. குழாயில் கை, முகம் கழுவினேன். சுத்தியலையும் கழுவி அதன் இடத்தில் வைத்தேன். வீட்டுக்காரருக்குப் பொருள் இடம் மாறினால் பிடிக்காது.

அவன் கோட்டுப் பையில் புதுக் கொக்கி ஒன்றும் திருகாணிகளும் இருந்ததாகச் சொன்னீர்கள். அன்றுதான் கடையில் வாங்கினான், ஐந்தாவதாகப் பலகையில் பொருத்தப்போவதாகக் கடைக்காரரிடம் சொன்னான் என்றும் சொன்னீர்கள். இருக்கலாம். கடைக்காரர்கள் பிறகு ஆயிரம் சொல்வார்கள். அப்படியே இருந்தாலும், எனக்கு ஐந்தாவது கொக்கி வேண்டியிருக்கவில்லை. எனக்கென்று ஒன்று ஏற்கெனவே இருந்தது.

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படியேறினேன். கதவைத் தள்ளினேன். திறந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று நான் சொன்னால் உங்களுக்கு அருவருப்பாக இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். பலகையில் மூன்று கொக்கிகளில் மூன்று பேருடைய உடுப்புகள். நான்காவது காலி. என் ஜாக்கெட்டை அதில் மாட்டினேன். தோள் மடிப்பைச் சரிசெய்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "யாரது, பெரியவனா?"

"நான்தாம்மா."

"தாழ் போட்டுடாதீங்க தம்பி. அவன் இன்னும் மேல வரல."

மேசையில் ஐந்து தட்டுகள் இருந்தன. சின்னவள் கரண்டியால் தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சூப் கொதிக்கும் வாசனை. நான் இன்னொரு முறை பலகையைப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் நினைப்பது போல அவர்களிடம் எதையும் மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. சாப்பிட்டு முடித்ததும் நானே பக்குவமாகச் சொல்லியிருப்பேன். அவர்களும் கொஞ்ச நாள் அழுதுவிட்டுப் புரிந்துகொண்டிருப்பார்கள், நாய்க்கு அழுதவர்கள்தானே. அந்த வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு சட்டம், அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

"எல்லாரும் வந்தாச்சும்மா" என்று சொல்லி, எனக்குப் பின்னால் கதவைச் சாத்தி, மேல் தாழையும் கீழ்த் தாழையும் போட்டேன்.